ஆளைக் காணோமே

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் அந்தக் கடையில் கேட்ஃபிஷ் தீர்ந்திருக்கும். நம்மூர்க் கெளுத்திக்குத் தூரத்துச் சொந்தம். அது இல்லாவிட்டால் வைட்டிங் என்ற கடல் மீன். மக்காச்சோள மாவில் புரட்டி, எண்ணெயில் முக்கி எடுத்து, தெர்மாகோல் டப்பாவுக்குள் இரண்டு வெள்ளை பிரெட் துண்டுகளின் மேல் சாய்த்துத் தருவார்கள். பிரெட் வெறுமனே எண்ணெய் உறிஞ்சத்தான் என்று நினைத்து ரொம்ப நாள் அதைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் கல்லாவில் இருந்த அம்மா பார்த்துவிட்டார். "ஹனி, அதுலதான் ருசியே இருக்கு" என்றார். மீன் எண்ணெயும் மிளகும் ஹாட் சாஸும் ஊறிய பிரெட்டை மடித்துக் கடைசியாகச் சாப்பிட வேண்டுமாம். சாப்பிட்டேன். சரிதான். குழம்பு ஊறிய கடைசிக் கவளம் மாதிரி இருந்தது.

கடை இருப்பது வடக்கு கரோலினா மாநிலத்தில், டர்ஹம் நகரில், ஃபேயட்வில் தெருவிலிருந்து பிரியும் ஒரு சின்ன சாலையில். நான்கு மேசை, ஒரு கல்லா, சுவரில் ஒபாமா படம், பக்கத்தில் ஒரு சர்ச் காலண்டர். பத்து டாலருக்குக் கீழே கார்டு வாங்குவதில்லை என்று கையால் எழுதி ஒட்டிய அட்டை. கடைப் பெயரை எழுதட்டுமா என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். வேண்டாம் என்றார். கூச்சமெல்லாம் இல்லை. "இன்னொரு ஜூன் மாசத்தை என்னால தாங்க முடியாது" என்றார். அது என்ன ஜூன் மாதம் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் விருதுநகர்க்காரி. அப்பாவுக்கு மளிகைக்கடை. பள்ளி விடுமுறைகளில் கல்லாவுக்குப் பின்னால் துவரம்பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்து பொட்டலம் மடித்து வளர்ந்தவள். 2011-இல் வேலை கிடைத்து ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்குக்கு வந்தேன். டர்ஹமுக்கும் ராலிக்கும் நடுவே பைன் மரங்களுக்குள் ஒளிந்திருக்கும் பெரிய அலுவலகக் காடு அது. வந்த முதல் வாரமே அபார்ட்மென்ட்டில் இருந்த நம்மவர்கள் எனக்கு ஊரை வாயாலேயே வரைந்து காட்டிவிட்டார்கள். தோசை மாவு எங்கே கிடைக்கும், கேரியில் இருக்கும் பெருமாள் கோயிலுக்கு எப்படிப் போவது, எந்தப் பக்கம் வீடு பார்க்கக் கூடாது. ஃபேயட்வில் தெரு "அந்தப் பக்கம்" என்ற கணக்கில் இருந்தது. யாரும் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் ஊரிலும் "அந்தத் தெருப் பக்கம் போகாதே" என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். இது எந்த ரகப் பேச்சு என்று எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, அல்லது உறைக்காமல் இருப்பது வசதியாக இருந்தது. ஒன்பது வருடம் அந்தப் பக்கம் கார் திரும்பவே இல்லை.

2020 மே 25 அன்று மினியாபோலிஸில் ஒரு போலீஸ்காரர் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். அடுத்த வாரங்களில் நாடே தெருவில் இறங்கியது. நாங்கள் வீட்டில் இருந்தபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அலுவலகத்தில் யாரோ ஓர் எக்செல் பட்டியலைச் சுற்றுக்கு விட்டார்கள்: டர்ஹமில் கறுப்பினத்தவர் நடத்தும் கடைகள். சாப்பாட்டுக்கடை, சலூன், பூக்கடை, வருமானவரிக் கணக்கு எழுதுபவர், டயர் கடை, எல்லாம் வரிசை எண்ணோடு. நான் கண்ணில் பட்ட முதல் மீன் கடையைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றரை மணி நேரம் காருக்குள் காத்திருந்தேன். மூன்று டப்பா வாங்கினேன், படம் எடுத்துப் போட்டேன், நிறைய இதயங்கள் விழுந்தன. மீன் ஆறிப்போயிருந்தது. அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

இரண்டு வருடம் கழித்து டயர்தான் என்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டது. 147-ஆம் எண் சாலையிலிருந்து இறங்கும்போது காற்று இறங்கிவிட்டது. தள்ளாடித் தள்ளாடிப் போய்ச் சேர்ந்த டயர் கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி அதே மீன் கடை. பசி வேறு. உள்ளே போனால் ஈ ஆடவில்லை. கடைக்கார அம்மாவும் ஒரு பேரனும் மட்டும். மூலையில் எவர்சில்வர் பளபளக்க ஒரு பெரிய ஃபிரையர், அதன் மேல் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. கடைக்காரர் மகளின் கண் அங்கேதான் போகும். ஓடாத மெஷின் கடையில் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

"அது வேலை செய்யலையா?" என்று கேட்டேன்.

"வேலை செய்யும். அதுக்குத்தான் வேலை இல்லை."

டயர் மாட்டி முடிய ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் அவர் பேசினார். ஜூன் முதல் வாரம் போன் வைக்க முடியவில்லையாம். மகளை வேலைக்குக் கூப்பிட்டார், தங்கை மகனைக் கூப்பிட்டார். எண்ணெய் தீர்ந்தது, டப்பா தீர்ந்தது, மீன் கொண்டுவருபவரிடம் இரண்டு மடங்கு சொல்லி வைத்தார். ஜூலையில் கடன் போட்டு அந்த ஃபிரையரும் ஒரு ஃபிரீசரும் வாங்கினார். இதற்கிடையில் பதினைந்து வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வரும் ஆட்கள், சர்ச் ஆட்கள், ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வருபவர்கள், வரிசையைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அக்டோபரில் புது ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பழைய ஆட்களில் பாதிப் பேர் போன இடத்திலேயே பழகிவிட்டார்கள். ஃபிரையர் மட்டும் நின்றுவிட்டது.

"அந்த ஜூனில் நானும் வந்தேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போட்டோ எடுத்தியா?"

"எடுத்தேன்."

சிரித்துவிட்டார். கோபமே இல்லாத சிரிப்பு. அதுதான் கொஞ்சம் குத்தியது.

அப்பா ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர். தீபாவளிக் கூட்டத்தைப் பார்த்துக் கடையைப் பெரிதாக்கக் கூடாது. ஐப்பசி மாதம் கடை வாசலில் நிற்க இடம் இருக்காது. பக்கத்துக் கடையை எடுத்துப்போட்டுவிடலாம் என்று ஒவ்வொரு வருடமும் சித்தப்பா ஆரம்பிப்பார். "கார்த்திகையில வந்து பேசு" என்று அப்பா முடித்துவிடுவார். அப்பாவுக்குக் கணக்கு வேறு. மாதம் பிறந்தால் சீட்டுக் கொடுத்துவிட்டுப் போகும் நாற்பது குடும்பம்தான் கடை, மிச்சமெல்லாம் திருவிழா. அந்த நாற்பதில் ஒரு வீட்டு ஆள் இரண்டு வாரம் வரவில்லை என்றால் அப்பாவுக்குத் தூக்கம் வராது. தெருவில் பார்த்தால் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்: "என்ன அண்ணாச்சி, ஆளைக் காணோமே?" அதில் பாதி பாசம், பாதி பயம். எது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

கறுப்பினத்தவர் கடைகளுக்கு "ஆதரவு" தர வேண்டும் என்று இங்கே எங்கள் குழுக்களில் தமிழில் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல் வரும். நம் மொழியில் ஆதரவு என்ற சொல் கீழே இருப்பவரைப் பார்த்து நீட்டும் கை. ஆதரவற்றோர் இல்லம் என்போம். மீன் கடை அம்மாவுக்கு அது தேவையில்லை. அவர் மீன் பொரிக்கிறார், நான் காசு தருகிறேன், இதில் யார் யாரை ஆதரிக்கிறோம்? வாடிக்கை என்ற சொல் நமக்கு இருக்கிறது. பழக்கம் என்பதும் அதுதான், கடைக்குத் திரும்பத் திரும்பப் போவதும் அதுதான். ஆகஸ்ட் மாதத்தைக் கறுப்பினத் தொழில் மாதம் என்று இங்கே கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். எனக்கு செப்டம்பரைப் பற்றித்தான் கவலை.

டயர் மாற்றிய அன்று இரவு அந்தப் பகுதியைப் பற்றித் தேட ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. நான் தினமும் வேலைக்குப் போய்வரும் 147-ஆம் சாலை எதன் மேல் ஓடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பகுதியின் பெயர் ஹேடை. ஹெய்ட்டி நாட்டின் பெயரைத்தான் வைத்தார்கள், உச்சரிப்பு மட்டும் இந்த ஊர்த் திருத்தம். அடிமை முறை ஒழிந்த பிறகு, டர்ஹமின் புகையிலை ஆலைகளுக்கு வேலைக்கு வந்த கறுப்பின மக்கள் ரயில் பாதைக்குத் தெற்கே குடியேறி உருவாக்கிய இடம். வெள்ளையர் கடைகளில் மரியாதை கிடையாது, பல இடங்களில் அனுமதியே கிடையாது. அதனால் எல்லாவற்றையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள். 1912-இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் இந்த ஊரைப் பற்றி எழுதியதன் சாரம் இது: இங்கே ஒரு கறுப்பின மனிதர் காலையில் எழும் மெத்தை, குடியிருக்கும் வீடு, போடும் காலுறை, சமைக்கும் மளிகை, படுக்கும் ஆஸ்பத்திரி, கடைசியில் அவர் மனைவிக்கு வரும் இன்ஷூரன்ஸ் பணம் வரை எல்லாமே கறுப்பினத்தவர் கையால் வந்தவையாக இருக்க முடியும்.

அந்த இன்ஷூரன்ஸ் கதையை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை ஆரம்பித்தவர் ஒரு சவரத் தொழிலாளி. ஜான் மெரிக். 1859-இல் அடிமையாகப் பிறந்தவர். 1880-இல் ராலியிலிருந்து டர்ஹமுக்கு வந்து சலூன் வைத்தார். புகையிலை முதலாளி வாஷிங்டன் டியூக் அவருடைய வாடிக்கையாளர். சலூன் ஒன்று பலவானது, சிலவற்றில் வெள்ளையருக்கு மட்டும், சிலவற்றில் கறுப்பினத்தவருக்கு மட்டும் முடி வெட்டினார்கள். அக்காலத்துச் சட்டமும் வழக்கமும் அப்படி. எங்கள் ஊரில் முடிவெட்ட வருபவரைப் புழக்கடை வழியாக வரச்சொன்ன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மெரிக்கைப் பற்றிப் படிக்கும்போது, கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு முதலாளிகளின் பேச்சையெல்லாம் கேட்டபடி நின்ற அந்த மனிதர் மனதுக்குள் என்ன கணக்குப் போட்டிருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அப்போது பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கறுப்பினத்தவரைச் சேர்க்கத் தயங்கின, சேர்த்தாலும் குறைந்த தொகைதான். ப்ரூடென்ஷியல் கம்பெனியின் புள்ளியியல் அதிகாரி ஃபிரெடெரிக் ஹாஃப்மன் 1896-இல் ஒரு புத்தகமே போட்டார். அந்த இனமே அழியப்போகிறது, இவர்களுக்கு பாலிசி கொடுப்பது நட்டம் என்பது அதன் சாரம். இரண்டு வருடம் கழித்து, 1898-இல், மெரிக்கும் நகரின் முதல் கறுப்பின மருத்துவரான ஆரன் மூரும் இன்னும் ஐந்து பேரும் ஆளுக்கு 50 டாலர் போட்டு நார்த் கரோலினா மியூச்சுவல் கம்பெனியைத் தொடங்கினார்கள். சீக்கிரமே மற்றவர்கள் விலகிக்கொள்ள, மெரிக்கும் மூரும் மிஞ்சினார்கள். மேனேஜராக மூரின் உறவுக்காரப் பையன் சார்லஸ் ஸ்பால்டிங் வந்தார்.

ஸ்பால்டிங் அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? மளிகைக்கடை. பலர் பங்கு போட்ட கூட்டுறவுக் கடை. அது படுத்துவிட்டது. பங்குதாரர்கள் நழுவிவிட, இவர் தலையில் 300 டாலர் கடன் விழுந்தது. அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டுத்தான் கம்பெனியைக் கையில் கொடுத்தார்கள். அப்பாவிடம் போனில் சொன்னபோது, "நட்டப்பட்டவனுக்குத்தான் காசு அருமை தெரியும், நல்ல ஆளாத்தான் பிடிச்சிருக்காங்க" என்றார். காலையில் ஆபீசைக் கூட்டுவதும் ஸ்பால்டிங்தான், வீடு வீடாகப் போய் பாலிசி பிடிப்பதும் அவர்தான், கோட்டை மாட்டிக்கொண்டால் மேனேஜரும் அவர்தான். முதல் இழப்பீடு 40 டாலர். கல்லாவில் அவ்வளவு இல்லை. மெரிக்கும் மூரும் கைக்காசைப் போட்டுக் கொடுத்தார்கள். கொடுத்த ரசீதை ஸ்பால்டிங் ஊர் ஊராக எடுத்துப் போய்க் காட்டினார். விளம்பரம் அவ்வளவுதான். வாரா வாரம் ஐந்து காசு, பத்துக் காசு என்று வாசலில் வந்து வாங்கிப் போவார்கள், நம்மூர் சீட்டுக்காரர் மாதிரி. சாவுச் செலவுக்கும் காய்ச்சலில் படுத்த நாட்களுக்கும் அந்தக் காசு திரும்பி வரும்.

1907-இல் மெக்கானிக்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ் பேங்க் தொடங்கினார்கள். நகரின் நடுவே பாரிஷ் தெருவில் இந்த இரண்டு நிறுவனங்களும் இருந்த இடத்துக்குக் கறுப்பின வால் ஸ்ட்ரீட் என்று பெயர் வந்தது. 1921-இல் அங்கே கம்பெனிக்கு ஆறு மாடிக் கட்டடம் எழும்பியது. இன்னும் நிற்கிறது.

1921 என்று படித்ததும் நான் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே வருடம் மே 31 இரவும் மறுநாளும், ஓக்லஹோமாவின் துல்சாவில், அதே கறுப்பின வால் ஸ்ட்ரீட் என்ற பெயரால் அழைக்கப்பட்ட கிரீன்வுட் பகுதியை வெள்ளையர் கும்பல் தீ வைத்து அழித்தது. நாற்புறமும் தெரு சூழ்ந்த கட்டங்கள் 35 சாம்பல். அதே வருடம் நவம்பரில் தூத்துக்குடியில் நாடார் வங்கி திறந்தது. 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் என்று பெயர் மாறியது, அப்பாவின் கணக்கு இன்றும் அதில்தான். கோயிலுக்குள் விடப்படாத ஒரு சாதி, வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து, வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து, 1889-லேயே விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கிய கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். காமராஜர் படித்த பள்ளிக்கூடம். இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். எங்கள் பாட்டன்களை யாரும் ஏலத்தில் விற்கவில்லை. அதோடு எங்கள் கடைத்தெரு யார் யாரை வாசலிலேயே நிறுத்தியது என்பது தனிக்கதை, அதை எழுதினால் ஊருக்குப் போக முடியாது. ஆனாலும் பிடி அரிசி தெரிந்தவளுக்கு ஐந்து காசு பாலிசி புரிய அரை நிமிடம் போதும்.

துல்சாவை எரித்தார்கள். ஹேடையை எரிக்கவில்லை, திட்டம் போட்டுச் செய்தார்கள். 1950-களின் இறுதியில் நகரப் புதுப்பிப்புத் திட்டம் வந்தது. 1930-களிலேயே வீட்டுக்கடன் வரைபடங்களில் இந்தப் பகுதிக்குச் சிவப்பு அடித்து வைத்திருந்தார்கள், பல காலம் கடனே பிறக்காத வீடுகளும் கடைகளும் பழுதடைந்து கிடந்தன. பழுதானதை இடித்துப் புது வீடு, புதுக் கடைவீதி கட்டித் தருகிறோம் என்றார்கள். 1962-இல் வாக்கெடுப்பு நடந்தபோது கறுப்பினத் தலைவர்கள் பலரே ஆதரவு தெரிவித்தார்கள். இடிக்கும் வேலை சரியாக நடந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள், நூற்றுக்கணக்கான கடைகள் போயின. பில்ட்மோர் ஹோட்டல் இருந்த பெட்டிக்ரூ தெருவின் உயிரே போயிற்று. நடுவே அந்த 147-ஆம் சாலையைப் போட்டார்கள். கட்டித் தருவதாகச் சொன்ன கடைவீதி வரவில்லை. சில கடைகளைத் தற்காலிகமாகத் தகரக் கொட்டகைகளுக்கு மாற்றினார்கள், டின் சிட்டி என்றே அதற்குப் பெயர்.

அந்தச் சாலை எதற்காக? நகரத்தையும் 1959-இல் தொடங்கிய ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கையும் இணைக்க. அதாவது, கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொன்னால், நான் ஒன்பது மணி மீட்டிங்குக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்வதற்காக. அறுபது மைல் வேகத்தில் போகும்போது இப்போதெல்லாம் கண் தானாக ஒரு பக்கம் திரும்புகிறது. 1891-இல் கட்டிய செயின்ட் ஜோசஃப்ஸ் தேவாலயத்தின் செங்கல் கோபுரம் தெரியும். இப்போது அது ஹேடை பண்பாட்டு மையம். கோபுர உச்சியில் சிலுவை கிடையாது. இதய வடிவில் வளைந்த ஓர் இரும்பு வேலைப்பாடு, ஹெய்ட்டி நாட்டுச் சடங்குகளில் மாவால் வரையும் கோலத்தைப் போல. இன்னும் கொஞ்சம் போனால் நார்த் கரோலினா மியூச்சுவல் 1966-இல் கட்டிய 12 மாடிக் கட்டடம். வாஷிங்டன் டியூக்கின் மகனுடைய மாளிகை இருந்த மேட்டை வாங்கி, அதன் மேல்தான் கட்டினார்கள். முடி வெட்டியவரின் கம்பெனி! இதைத் தெரிந்துகொண்ட நாள் முழுக்கச் சும்மா சிரித்துக்கொண்டே இருந்தேன்.

பழியெல்லாம் சாலைக்கு மட்டும் சொல்ல முடியாது. மீன் கடை அம்மா சின்ன வயதில் ஹேடையில் இருந்தவர், அவர் சொன்னதுதான்: 1960-களில் சட்டம் மாறி எல்லாக் கடைகளும் எல்லோருக்கும் திறந்தபோது, "நாங்க அந்தப் பக்கம் போனோம். அவங்க இந்தப் பக்கம் வரலை." ஒரு வழிப் பாதை. அதற்காகப் பழைய பிரிவினை திரும்ப வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்ட முட்டாள்தனமான கேள்விக்கு அவர் பதிலே சொல்லாமல் ஒரு பார்வை பார்த்தார்.

இன்றைக்கு அமெரிக்க மக்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 14 சதவீதம். சம்பளத்துக்கு ஆள் வைத்து நடக்கும் கம்பெனிகளில் அவர்களுக்குச் சொந்தமானவை 3 சதவீதத்தைச் சுற்றித்தான். திறமை எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் கடன் எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. கடைக்கு முதல் கடன் பெரும்பாலும் சொந்த வீட்டின் மேல்தான் பிறக்கும். வீட்டையே இடித்துவிட்டால்? 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக அரசு சிறு தொழில்களுக்கு ஒதுக்கிய முதல் சுற்று 349 பில்லியன் டாலர் 13 நாளில் தீர்ந்தது. ஏற்கெனவே பேங்க் மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் முதலில் நின்றார்கள். மீன் கடை அம்மா விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து முடிக்கும் முன் கதவு மூடிவிட்டது. அவருடைய பேங்க் எது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

நார்த் கரோலினா மியூச்சுவல் இப்போது இல்லை. 2018-இல் நிலைமை மோசமாகி மாநில அரசின் மேற்பார்வைக்குப் போனது, 2022-இல் மூடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. மெக்கானிக்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ் பேங்க் இருக்கிறது. அதில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கினேன். பெரிய தொகை இல்லை, ஆனால் நம் பணம் பேங்கில் தூங்குவதில்லை, யாருடைய ஃபிரையராகவோ மாறுகிறது என்று தெரிந்தபின் எந்த பேங்க் என்பதும் முக்கியமாகத்தான் படுகிறது.

மற்றபடி நான் பெரிதாக எதுவும் செய்வதில்லை. வெள்ளிக்கிழமை மீன். பையனுக்கு முடிவெட்ட, அதே வரிசையில் இருக்கும் சலூன். அங்கே சனிக்கிழமை போனால் கால்பந்தும் அரசியலும் கேட்டு முடித்துத்தான் வெளியே வர முடியும், பையனுக்கு அதுதான் பிடிக்கிறது. டயர் அந்த டயர் கடையில். வருமானவரியை மட்டும் பழைய ஆளிடமே விட்டுவிட்டேன், அவர் பதினோரு வருடக் கணக்கைத் தலையில் வைத்திருக்கிறார். நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது: பெரிய மாலில் ஒட்டிய விலையை வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு, சின்னக் கடையில் வந்து "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்போம். போன வருடம் எங்கள் குழந்தைகள் விழாவுக்கு இந்தக் கடையில் சாப்பாடு சொல்லலாம் என்று நான் சொன்னதும், எங்கள் சங்கத்தில் முதலில் வந்த கேள்வி அதுதான். இரண்டாவது கேள்வி, சுத்தமாக இருக்குமா என்பது. இரண்டாவது கேள்விக்கு நான் கொஞ்சம் சத்தமாகவே பதில் சொல்லிவிட்டேன், பாதிப் பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

சாப்பாட்டுக்கு முன் ருசி பார்க்க வந்த இரண்டு அம்மாக்களைக் கடைக்குக் கூட்டிப் போனேன். சைவக்காரர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். காலர்ட் கீரையில் புகைபோட்ட வான்கோழித் துண்டு கிடக்கும், அது ஆகாது. கடைக்கார அம்மா யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். தக்காளியில் வெந்த வெண்டைக்காய். கூட வந்த ஒருவர் கரண்டியை விட்டுத் தூக்கினார், கூழாக நூல் இழுத்தது. "அய்யோ, வழவழன்னு இருக்கே" என்று தமிழில் முணுமுணுத்தார்.

கடைக்கார அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, முகம் தெரியும். "அந்த வழவழப்பு வேணும்னுதான் அப்படிச் செய்றோம்" என்றார். "உங்க ஊர்ல எப்படிப் பண்ணுவீங்க?"

துடைத்து, ஈரமில்லாமல் நறுக்கி, புளியோ தயிரோ விட்டு, வழவழப்பு போகும் வரை வதக்குவோம் என்றேன். அவர் முகத்தில் நிஜமான வருத்தம். வெண்டைக்காயும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை என்பார்கள். அடிமைக் கப்பல்களோடு இந்தக் கரைக்கு வந்தன, எப்போதோ வேறு கடல் வழியாக நமக்கும் வந்தன. புத்தாண்டு அன்று இங்கே தட்டைப்பயறும் சோறும் சேர்த்துச் சமைத்தால்தான் வருடம் நன்றாக இருக்கும் என்பார்கள். அந்தப் பயற்றில் மாமிசம் போடாமல் ஒரு அண்டா செய்து தருகிறேன் என்றார் அவர். தந்தார். விழாவில் முதலில் தீர்ந்தது அதுதான். சுத்தமா என்று கேட்டவர் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார், நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரிய ஃபிரையரை விழா நாளில்தான் மறுபடி ஓட்டியதாகச் சொன்னார். மறுநாள் திரும்பவும் அட்டைப்பெட்டி ஏறிவிட்டது.

இந்த ஜூலையில் மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே கடைக்குப் போய்விட்டேன், கேட்ஃபிஷ் கிடைக்கட்டும் என்று. உள்ளே நுழைந்ததும் கல்லாவிலிருந்து குரல்: "மூணு வாரம் ஆச்சு. ஊருக்குப் போனியா, இல்லை வேற எங்கேயாவது சாப்பிடுறியா?"

ஊருக்குத்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி, போனை எடுத்துக் கடைப் படத்தைக் காட்டினேன். இப்போது தம்பி பார்க்கிறான், அப்பா சும்மா வந்து உட்கார்ந்திருப்பார். கடைக்கார அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தராசைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், மேலே தொங்கும் ஷாம்பு சரத்தைப் பார்த்தார், அப்பாவைக் கடைசியாகப் பார்த்தார்.

"சொந்தக் கட்டடமா, வாடகையா?"

"வாடகை."

"எவ்வளவு?"

எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருடம் அந்தக் கடையில் பொட்டலம் மடித்தவள், ஒருநாளும் கேட்டதில்லை. அவர் விடுவதாக இல்லை, பின்னால் இருவர் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களும் ஆவலாகிவிட்டார்கள். அப்பாவுக்குப் போன் போட்டேன். நாலைந்து மணி அடித்த பிறகுதான் அங்கே நடுராத்திரி ஒன்றரை என்று உறைத்தது.

"என்ன தாயி, இந்நேரத்துல?" என்றார் அப்பா பதறிக்கொண்டு. "நல்லா இருக்கீகளா எல்லாரும்?"